உரித்த முட்டை

“இது என் உடம்பு அழுக்கா, இல்ல உன் தோலா?”

பொதுக் குளியல் கூடத்தின் தேய்ப்பு மேசையில் குப்புறப் படுத்திருந்த பெண் தலையைத் தூக்கிக் கேட்டாள். அவள் விரல் நுனியில் வெள்ளையாக ஒரு செதில் ஒட்டியிருந்தது. அழுக்கென்றால் சாம்பல் நிறத்தில் திரி திரியாக உருண்டு வரும். இது தட்டையாக, மீன் செதில் மாதிரி மினுங்கியது. இருபத்திரண்டு வருடமாக இந்த மேசைக்குப் பக்கத்தில் நிற்கிற மல்சூனுக்கு எது அழுக்கு, எது தோல் என்று தெரியாதா? செதிலை மறைக்கத் தன் முழங்கையில் மாட்டியிருந்த துணி உறை நனைந்து கீழே நழுவியிருந்தது.

“தண்ணி ஊத்திடுறேன்க்கா, தப்பா நினைக்காதீங்க” என்று அவசரமாக ஒரு வாளியைக் கவிழ்த்தாள்.

அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். “தோல் வியாதிக்காரங்க உள்ள வரக்கூடாதுன்னு வாசல்ல போர்டு மாட்டியிருக்கே, அது எங்களுக்கு மட்டும்தானா? தேய்க்கிறவளுக்குக் கிடையாதா?”

வெந்நீர்த் தொட்டியில் கழுத்துவரை முங்கியிருந்த ஏழெட்டுத் தலைகள் ஒன்றாகத் திரும்பின. எல்லாரும் அம்மணமாக இருக்கிற கூடத்தில் மல்சூன் ஒருத்திதான் உடுத்தியிருந்தாள். கறுப்பு உள்ளாடை, தேய்ப்புக்காரிகளின் சீருடை. ஆனாலும் அந்த நிமிஷத்தில் ஒட்டுத் துணியில்லாமல் நிற்பது தான்தான் என்று அவளுக்குப் பட்டது.

குளியல் கூடத்தின் முதலாளியம்மா, சா என்று பெயர், சாயங்காலம் அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“ஒட்டுவாரொட்டி இல்லன்னு டாக்டர் சொன்னதை நான் நம்புறேன்டி. அதுக்காக வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் உன் டாக்டர் சீட்டை நீட்டிக்கிட்டு நிக்க முடியுமா, சொல்லு. கொஞ்ச நாள் வீட்ல இரு. புது வருஷத்துக்கு முந்தின நாள் வா. நல்ல தோலோட வா. அதுவரைக்கும் மேசை உன்னுதுதான்.”

சந்திரப் புத்தாண்டுக்கு முந்தின நாள் என்றால் தென்கொரியாவின் தேஜோன் நகரமே பழைய வருஷத்து அழுக்கைத் தேய்த்துப் போக்க வந்து நிற்கும். தேய்ப்பு மேசைக்கு வரிசை வாசல்வரை போகும். அன்றைக்கு ஒரு தேய்ப்புக்காரி நிமிர்ந்து நின்றால் அந்த வருஷம் முழுக்க அவள் மேசைதான். அன்றைக்கு வராதவளின் மேசை வேறொருத்திக்குப் போய்விடும். மல்சூன் வீட்டுக்குப் போய் நாள்காட்டியைப் புரட்டினாள். நூற்று மூன்று நாள் இருந்தது.

அவள் இடத்தில் தற்காலிகமாக நிற்க சுனே என்ற பெண் வந்தாள். சீனாவின் யான்பியன் பக்கத்துக் கொரியக்காரி. முப்பத்தைந்து வயதுதான், பேச்சு குறைவு. தேய்ப்புக் கையுறையை எப்படி நனைத்து மாட்டுவது என்று மல்சூனே சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தாள்.

தோல் மட்டுமென்றால் மல்சூன் இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். இரண்டு வருஷமாக வலதுகை நடுவிரலும் மோதிர விரலும் ஊறுகாய்க்குப் போடும் குட்டி முள்ளங்கி மாதிரி வீங்கிக் கிடந்தன. நகங்களில் ஊசியால் குத்தின மாதிரி குழிகள். காலையில் எழுந்தால் விரல்களை மடக்கவே ஒரு மணி நேரம் வெந்நீரில் கையை வைத்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் அந்த இளவயது டாக்டரம்மா படம் வரைந்தே சொல்லியிருந்தாள். தோலில் இருக்கிற அதே சொரியாசிஸ்தான் மூட்டுக்குள்ளும் புகுந்திருக்கிறது, அதற்குத்தான் வாரம் ஒருமுறை இந்த மாத்திரை, இது போதாவிட்டால் ஊசிக்குப் போகலாம் என்று.

சனிக்கிழமை ராத்திரி அந்த மாத்திரைகளை விழுங்கினால் ஞாயிறு முழுக்கக் குமட்டல். சீப்பில் முடி கொத்தாக வரும். ஊசி என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து அவளுக்குத் தூக்கமும் போயிற்று.

“மாத்திரை வியாதியை அமுக்குமே தவிர வேரைப் பிடுங்காதுக்கா” என்றாள் ஓக்ஹீ. பக்கத்துத் தெருவில் சலவைக்கடை வைத்திருப்பவள், மல்சூனின் பழைய வாடிக்கையாளர். அவள் சும்மா சொல்லவில்லை. சர்க்கரை எகிறிக் கிடந்தவள், மலையடிவாரத்துச் செம்மண் பாதையில் ஒரு வருஷம் வெறுங்காலோடு நடந்து, பதினோரு கிலோ குறைத்து, இன்றைக்கு மூன்று மாடி ஏறிப் போய் உருப்படி கொடுத்துவிட்டு வருகிறாள். கண்ணால் பார்த்ததை எப்படி நம்பாமல் இருப்பது?

“நூறு நாள்க்கா. மாவுப் பண்டம் கூடாது, சக்கரை கூடாது, சோஜு சாராயம் கூடவே கூடாது. காலையில சுட்ட பூண்டு, மாசிப்பத்திரிக் கஷாயம். தினம் ஒரு மணி நேரம் செம்மண்ல நடை. ஒன்பது மணிக்குப் படுக்கை.”

“மாத்திரை?”

“அதையும் தின்னுக்கிட்டு இதையும் பண்ணினா எது கேட்டுச்சுன்னு எப்படித் தெரியும்?”

அது நியாயமாகத்தான் பட்டது. மாத்திரைப் பெட்டி அரிசி டப்பாவுக்குப் பின்னால் போயிற்று.

மல்சூனின் புருஷன் தொக்பே டவுன் பஸ் ஓட்டுகிறவர். பூண்டு வாசனையில் மூக்கைப் பொத்திக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தார்.

“நம்ம பழங்கதையில கரடி நூறு நாள் குகைக்குள்ள பூண்டும் மாசிப்பத்திரியும் தின்னு பொம்பளையாச்சாம். கூடப் போன புலி தாங்காம பாதியில ஓடிப்போச்சாம். நீ கரடியா, புலியா?”

“இருபத்தெட்டு வருஷம் உங்ககூடக் குப்பை கொட்டியிருக்கேன். நான் கரடின்னு இன்னுமா தெரியல?”

“அப்ப நூத்தியோராவது நாள் எனக்குப் புதுப் பொம்பளை கிடைப்பான்னு சொல்லு.”

“கிடைச்சா அவ உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டா. போய்ப் பல்லை விளக்குங்க.”

முதல் பத்து நாள் தலைவலியும் எரிச்சலுமாகப் போயிற்று. நூடுல்ஸ் கடையைத் தாண்டும்போது மூச்சை அடக்கிக்கொண்டு நடந்தாள். பிறகு உடம்பு வழிக்கு வந்தது. செம்மண் காலடியில் குளுகுளுவென்று பிதுங்கும். முன்னே நடக்கிறவர்களின் பத்து விரல் தடம் மேல் தன் தடத்தைப் பதித்துப் பதித்துப் போவாள். திரும்பும்போது குழாயடியில் வரிசையாக நின்று கால் கழுவுவார்கள். ஒருத்தர் முதுகுவலி போன கதை, இன்னொருத்தர் தூக்கம் வந்த கதை. யாரும் பொய் சொன்னதாக மல்சூனுக்குத் தோன்றவில்லை. அவளுக்கே முழங்கால் லேசானது. ராத்திரி அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள். இரண்டாவது மாதம் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை.

நாற்பதாம் நாள் காலையில் கண்ணாடி முன்னால் நின்று முழங்கையைத் தடவினாள். செதில் இல்லை. ரோஜா நிறத்தில் வழவழவென்று இருந்தது. நாள் முழுக்க நனைந்தும் உரசியும் கிடந்த தோலுக்கு ஓய்வு கிடைத்ததோ, சோஜுவை விட்டதோ, எதுவோ ஒன்று. அவள் நின்ற இடத்திலேயே அழுதாள்.

ஊரார் உடம்பைத் தேய்த்தே வாழ்ந்தவள் அவள். முதுகைத் தொட்டால் ஈரல் கெட்டிருக்கிறதா என்று சொல்வாள். தொடையைத் தேய்க்கும்போதே “தூங்கி எத்தனை நாளாச்சு?” என்று கேட்பாள். உள்ளே இருப்பது தோலில் எழுதியிருக்கும் என்பது குளியல் கூடத்துப் பெண்களுக்குப் பாலோடு வந்த நம்பிக்கை. தோல் சுத்தமாகிவிட்டது என்றால் உள்ளேயும் சுத்தமாகிவிட்டது என்றுதானே அர்த்தம்?

விரல்கள் மட்டும் வேறு மாதிரி பேசின.

நவம்பரில் நாத்தனார் வீட்டில் குளிர்காலத்துக்கான கிம்ச்சி ஊறுகாய் போட எழுபது முட்டைக்கோஸ் வந்து இறங்கியது. உப்பில் ஊறின கோஸைப் பிழிய எடுத்தவளின் கையிலிருந்து அது வழுக்கி மடியில் விழுந்தது. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் விழுந்தது.

“அண்ணிக்கு இப்பல்லாம் இடுப்பு குறைஞ்சு போச்சு, பலமும் குறைஞ்சு போச்சு” என்று நாத்தனார் சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். மல்சூனும் சிரித்தாள். மிளகாய் விழுது பூசுகிற வேலைக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

அன்று ராத்திரி ஓக்ஹீயைக் கூப்பிட்டாள். “விரல் உள்ள கடிக்கிற மாதிரி இருக்குடி. எலி கொறிக்கிற மாதிரி.”

“வியாதி வெளியேறும்போது வலிக்கத்தான்க்கா செய்யும். எனக்கும் முட்டி அப்படித்தான் வலிச்சுச்சு. இந்த நேரத்துலதான் நிறைய பேர் பயந்து விட்டுடுறாங்க. புலி எங்க ஓடுச்சு? இங்கதான்.”

மல்சூன் விடவில்லை. அறுபதாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து தேதி நினைவூட்டி மெசேஜ் வந்தது. தொக்பே அதைப் பார்த்துவிட்டார்.

“போய்க் காட்டிட்டு வந்துடேன். பஸ்ல நானே இறக்கி விடுறேன்.”

“போனா அவ மாத்திரையத்தான் தின்னும்பா. இன்னும் நாப்பது நாள்தானே, விடுங்க.”

“கைய மடக்கு பார்ப்போம்.”

மடக்கினாள். விரல் நுனி உள்ளங்கையைத் தொடாமல் பாதி வழியில் நின்றது.

“காலையில இப்படித்தான் இருக்கும். மத்தியானம் சரியாயிடும்.”

“மணி இப்ப மூணும்மா.”

அவள் எழுந்து கஷாயத்தை அடுப்பில் ஏற்றினாள். அவர் போனை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். பெண்டாட்டி தூங்குகிறாள், சிரிக்கிறாள், தோல் மின்னுகிறது. எதைச் சொல்லித் தடுப்பது?

டிசம்பரில் செம்மண் பாதை உறைந்தது. நடக்கிறவர்களுக்காக ஒரு ஓரத்தில் பிளாஸ்டிக் கூடாரம் போட்டிருந்தார்கள். அதற்குள்ளும் காலடி ஊசி குத்துவதுபோல் இருந்தது. குதிகால் வெடித்தது. நாள்காட்டியில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வட்டம் போட்டுக்கொண்டு வந்தாள். எழுபதாம் வட்டத்திலிருந்து இடதுகையால் போட ஆரம்பித்தாள். வட்டம் கோணலாக வந்தது.

அந்த வாரம் ஓக்ஹீ அவள் முழங்கையைப் படம் எடுத்து, பழைய செதில் படத்தோடு ஒட்டி, நடைக்காரர்களின் போன் குழுவில் அவள் நம்பரோடு போட்டாள். முன்னூறு பேர் கை தட்டினார்கள். தெரியாத ஊர்களிலிருந்து போன் வந்தது. எத்தனை பல் பூண்டு, எத்தனை மணிக்கு நடை என்று கேட்டார்கள். மல்சூன் பொறுமையாகச் சொன்னாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவளிடம் ஊர் யோசனை கேட்டது. எல்லாரும் முழங்கையைப் பற்றித்தான் கேட்டார்கள். அதற்குக் கீழே ஒரு கை இருப்பது யாருக்கும் நினைவில்லை. அவளுக்கும் இல்லாமல் இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

புத்தாண்டுக்கு முந்தின நாள் விடியும்போதே குளியல் கூடத்துக்குப் போய்விட்டாள். உடை மாற்றும் அறையில் சட்டையைக் கழற்றினதும் முதலாளியம்மா சா ஓடிவந்து முதுகைத் தடவினாள்.

“அடியே! உரிச்ச முட்டைடி இது! உரிச்ச முட்டை!”

வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் தொட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி முழங்கையைக் கிள்ளிப் பார்த்தாள். “பத்து வயசு குறைஞ்சுட்டீங்கக்கா.” மல்சூன் கறுப்பு உள்ளாடையை மாட்டிக்கொண்டாள். கொக்கியை முதுகுப்பக்கம் மாட்ட வரவில்லை. முன்பக்கமாக மாட்டித் திருப்பிக்கொண்டாள்.

முதலில் மேசையில் ஏறினது அதே பெண். அன்றைக்குச் செதிலை எடுத்துக் காட்டியவள்.

“அன்னிக்கு வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்க்கா. மனசுல வெச்சுக்காதீங்க. உங்க கையாலதான் இன்னிக்குத் தேச்சுக்கணும்னு வந்தேன்.”

“பேசினதுக்கு ரெண்டு அழுத்து சேர்த்து அழுத்துறேன், தாங்கிக்குங்க” என்றாள் மல்சூன். கூடம் சிரித்தது.

பச்சை நிறச் சொரசொரக் கையுறையை நனைத்தாள். வீங்கின விரல் உள்ளே போக மறுத்தது. பல்லால் இழுத்துப் பாதிவரை மாட்டினாள். தோளிலிருந்து இடுப்புவரை முதல் இழுப்பு. இருபத்திரண்டு வருடம் பழகின இழுப்பு அது. உள்ளங்கை அழுத்த, விரல்கள் கவ்வ, அழுக்கு திரண்டு வரவேண்டும். உள்ளங்கை அழுத்தியது. விரல்கள் கவ்வவில்லை. இரண்டாவது இழுப்பில் உள்ளே ஏதோ ஒன்று முறிகிற மாதிரி மணிக்கட்டுவரை மின்னல் ஓடியது. கையுறை கழன்று ஈரத் தரையில் சொத்தென்று விழுந்தது.

எடுத்து மறுபடி மாட்டினாள். மறுபடி விழுந்தது.

“என்னக்கா, தாலாட்டுறீங்களா? தூக்கம் வருது” என்றாள் அந்தப் பெண் கண்ணை மூடியபடி, கிண்டலாகத்தான்.

கையுறையை இடதுகைக்கு மாற்றினாள். ஒப்பேற்றி முதுகை முடித்தாள். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. அடுத்து விலாப்பக்கம் திரும்ப வேண்டும். அதற்கு யாரும் வாயால் சொல்வதில்லை. தேய்ப்புக்காரி தொடையில் இரண்டு தட்டுத் தட்டுவாள். பட், பட். கூடம் முழுக்க எதிரொலிக்கும், படுத்திருப்பவள் தூக்கத்திலும் திரும்பிவிடுவாள். மல்சூன் பழக்கத்தில் வலதுகையால் தட்டினாள்.

சத்தம் வரவில்லை. ஈரத் துணி விழுந்த மாதிரி ஒரு பொத். படுத்திருந்தவள் அசையவில்லை.

இன்னொரு தடவை தட்டினாள். விரல்கள் விரிய மறுத்து, கோழிக்கால் மாதிரி வளைந்தே போய் விழுந்தன.

“திரும்பணுமாக்கா? தட்டினது தெரியவே இல்லையே” என்று அந்தப் பெண் கண்ணைத் திறந்தாள். அவள் பார்வை மல்சூனின் கையில் போய் நின்றது.

வாசலோரம் பக்கெட் கழுவிக்கொண்டிருந்த சுனே எழுந்து வந்தாள். மல்சூனின் இடதுகையிலிருந்து கையுறையைக் கழற்றி அலசி மாட்டிக்கொண்டாள். பட், பட். அந்தப் பெண் திரும்பிப் படுத்தாள். வரிசை ஒரு அடி முன்னால் நகர்ந்தது.

பண்டிகை முடிந்த மறுநாள் தொக்பே லீவு போட்டுவிட்டு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். டாக்டரம்மா எக்ஸ்ரேயைத் திரையில் போட்டாள். பழைய படம் ஒரு பக்கம், புதுப் படம் ஒரு பக்கம். புதுசில் நடுவிரல் எலும்பின் முனை சீவின பென்சில் மாதிரி கூம்பியிருந்தது.

“முன்னாடியே அரிக்க ஆரம்பிச்சிருந்துச்சுங்க. மாத்திரை அதைப் பிடிச்சு வெச்சிருந்துச்சு. விட்டதும் ஓடியிருக்கு.”

“ஆனா தோல் பாருங்க டாக்டர், தோல்...” மல்சூன் சட்டைக் கையைச் சுருட்ட முயன்றாள். முடியவில்லை. தொக்பே சுருட்டிவிட்டார்.

டாக்டரம்மா அந்த முழங்கையைப் பார்த்தாள். அவள் கண் கலங்கினதுபோல் இருந்தது. “நல்லா இருக்குங்க. நீங்க நடந்தது, எடை குறைச்சது, சோஜுவை விட்டது, எல்லாமே நல்ல காரியம். தொடர்ந்து செய்ங்க, நானே சொல்றேன். ஆனா தோல் ஆறினா மூட்டும் ஆறிடுச்சுன்னு அர்த்தமில்லை. ரெண்டும் ஒண்ணா நடக்காதுங்க. மாத்திரை குமட்டுதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற மாத்தியிருப்பேன்.”

“இப்ப அந்த ஊசி போட்டா விரல் வருமா?”

“மிச்சத்தைக் காப்பாத்தலாம். போன எலும்பு வராதுங்க.”

வெளியே பஸ் நிறுத்தத்தில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். தொக்பேயின் பஸ்ஸையே இன்றைக்கு வேறொருத்தர் ஓட்டிக்கொண்டு வந்து, ஹார்ன் அடித்துச் சிரித்துவிட்டுப் போனார்.

“நான் அன்னிக்கே தரதரன்னு இழுத்துட்டு வந்திருக்கணும்” என்றார் தொக்பே.

“நான் புலியா இருந்திருக்கணும்” என்றாள் மல்சூன்.

வாரக் கடைசியில் தன் சாமான்களை எடுக்கக் குளியல் கூடத்துக்குப் போனாள். கூட்டமில்லாத மத்தியான நேரம். முதலாளியம்மா சா அவள் முகத்தைப் பார்க்காமல், “துண்டு கொடுக்கிற இடத்துல வேணா உக்காருடி, மேசை சுனேகிட்டயே இருக்கட்டும்” என்றாள். மல்சூன் தன் சாமான்களைப் பையில் போடத் தொடங்கினாள்.

உடை மாற்றும் அறை பெஞ்சில் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

“அக்கா, முழங்கை படம் போட்டது நீங்கதானே? எனக்கும் அதே வியாதி. விரலும் வீங்கியிருக்கு. நேத்திலிருந்து மாத்திரையை நிறுத்திட்டேன். பூண்டைச் சுட்டுத் திங்கணுமா, வேகவெச்சா?”

“மாத்திரையை நிறுத்தாதம்மா. நடக்கிறதுன்னா நட, சாப்பாட்டைக் குறைக்கிறதுன்னா குறை. ஆனா மாத்திரையை மட்டும் விடாத. என் கை போயிடுச்சு.”

“படத்துல நல்லா இருக்கே?”

“அது முழங்கை. நான் சொல்றது விரல்.”

“தான் குணமாயிட்டா அடுத்தவங்களுக்குச் சொல்ல மனசு வராதுன்னு எங்கம்மா சொல்லுவாங்க. சரியாத்தான் இருக்கு.” போன் துண்டிக்கப்பட்டது.

அந்த நம்பருக்குத் திரும்ப அடித்தாள். எடுக்கவில்லை. இன்னொரு தடவை அடித்தாள். ஓக்ஹீயைக் கூப்பிட்டுப் படத்தைக் குழுவிலிருந்து எடுக்கச் சொன்னாள். “எடுத்துட்டேன்க்கா, உங்க கை விஷயம் தெரிஞ்ச அன்னிக்கே எடுத்துட்டேன்” என்று அவள் விசும்பினாள். “ஆனா எத்தனையோ பேர் தங்கள் குழுவுல போட்டுட்டாங்க.”

உள்ளே மேசையைக் கழுவிக்கொண்டிருந்த சுனே வந்து எட்டிப் பார்த்தாள்.

“படுங்கக்கா. ஒரு தடவை தேச்சு விடுறேன். இத்தனை வருஷத்துல உங்களுக்கு யாராவது தேச்சு விட்டிருக்காங்களா?”

“தேய்க்காத. தேய்ச்சா செதில் திரும்பக் கிளம்பிடும்.” சொல்லும்போதே மல்சூனுக்குச் சிரிப்பு வந்தது, அது பாதியிலேயே வேறு ஏதோவாக மாறியது. இனி இந்தத் தோலைக் காப்பாற்றி என்ன செய்ய? “தண்ணி மட்டும் ஊத்து.”

இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக அந்த மேசைமேல் ஏறிக் குப்புறப் படுத்தாள். ரப்பர் விரிப்பு கன்னத்தில் குளிர்ந்தது. சுனே வெந்நீரை மொண்டு மொண்டு ஊற்றினாள். முதுகில் விழுந்து, விலாவில் வழிந்து, தொங்கிக்கொண்டிருந்த வலதுகை விரல்களில் சொட்டியது. அந்த விரல்கள் தண்ணீரைப் பிடிக்கப் போவதுபோல் வளைந்தே இருந்தன.

தொடையில் பட், பட் என்று கேட்டது.

மல்சூன் திரும்பிப் படுத்தாள்.